பண்பாட்டு வேறுபாடு குறித்த நேர்வு ஆய்வு: "இது விளக்கமா, முத்திரையா?"

முல்லைக்கொடி (கேள்வி)

மேலாண்மை முதுகலை இறுதிப் பருவத்தில் இருக்கிறேன். இரண்டு நாடுகளில் பிரிந்திருந்து வேலை செய்யும் ஒரு மென்பொருள் குழுவைப் பற்றி நேர்வு ஆய்வு (case study) எழுதுகிறேன். அதன் மையச் சம்பவம் இதுதான். காணொளிக் கூட்டத்தில் தலைமை அலுவலக மேலாளர், "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று கேட்டார். மறுபக்கத்தில் சில நொடிகள் யாரும் பேசவில்லை. பிறகு இளைய பொறியாளர் ஒருவர், "முயற்சி செய்கிறோம்" என்றார். மேலாளர் அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வந்தது, வேலை முடியவில்லை. பெரிய மனத்தாங்கல் ஆகிவிட்டது.

நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிட்ட ஆய்வாளர் ஹாஃப்ஸ்டீடின் 'அதிகார இடைவெளி' (அதிகார ஏற்றத்தாழ்வைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பது) மதிப்பெண்களை எடுத்து வைத்து, "இந்த நாட்டில் மேலதிகாரியிடம் மறுப்புச் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் இப்படி நடந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். என் வழிகாட்டி பக்க ஓரத்தில் "இது விளக்கமா, முத்திரையா?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். எங்கே தவறினேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

கரும்பலகை

இந்தப் பாடத்தை இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். உங்கள் வழிகாட்டி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

அந்த மதிப்பெண்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் நிரப்பி வாங்கிய 1,16,000க்கும் மேற்பட்ட வினாத்தாள்களே அவற்றுக்கு அடிப்படை. ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு தேசத்தையே அளக்கலாமா என்று மேலாண்மை ஆய்வாளர் பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் கடுமையாகக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்றும் நியாயமாகவே படுகிறது. ஹாஃப்ஸ்டீடும் தம் எண்கள் நாடுகளை ஒப்பிடத்தான், தனி மனிதரை அளக்க அல்ல என்று எச்சரித்தவர்தான். நீங்களோ நாட்டின் சராசரியை எடுத்து அந்த இளைஞரின் வாயில் வைத்துவிட்டீர்கள்.

வகுப்பில் இதற்கு நான் எப்போதும் எடுக்கும் உதாரணம் நியூயார்க்கின் வாகன நிறுத்த அபராதச் சீட்டுகள். ஐ.நா. தூதர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்ததால் அபராதம் கட்டாவிட்டாலும் அப்போது யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் ரேமண்ட் ஃபிஸ்மனும் எட்வர்ட் மிகெலும் 1997 முதல் 2002 வரை கட்டப்படாமல் கிடந்த 1,50,000க்கும் மேற்பட்ட சீட்டுகளை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஊழல் மிகுந்ததாகக் கணிக்கப்படும் நாடுகளின் தூதர்கள் அதிகச் சீட்டுகள் வாங்கியிருந்தார்கள். ஸ்வீடன், நார்வே தூதர்கள் பெயரில் ஒன்றுகூட இல்லை. இவ்வளவோடு நிறுத்தினால் உங்கள் வரியைப் போலவே, "அவர்கள் பண்பாடு அப்படி" என்று முடித்துவிடலாம். ஆனால் 2002 இறுதியில், அபராதம் கட்டாதவர்களின் தூதரக எண் பலகையைப் பறிக்கும் அதிகாரம் நகரத்துக்குக் கிடைத்தது. விதிமீறல் ஏறத்தாழ 98 சதவீதம் குறைந்தது. அதே மனிதர்கள், அதே பழக்கவழக்கங்கள். மாறியது விதி ஒன்றுதான்!

பண்பாடு பொய் என்று நான் சொல்லவில்லை. தண்டனை இல்லாதபோது யார் எப்படி நடந்தார்கள் என்பதில் அது பளிச்சென்று தெரிகிறதே. அதனால் உங்கள் சம்பவத்திலும் முதலில் கேட்க வேண்டியவை வேறு. 'முடியாது' என்று சொன்னவர்களுக்கு முன்பு என்ன நடந்தது? மூத்தவர்கள் அந்த அறையில் இருந்தும் ஏன் இளையவர் பேசினார்? கூட்டத்துக்கு முன் யாராவது எதையாவது எழுதி அனுப்பினார்களா?

பாய்மரம்

கரும்பலகை ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் முல்லைக்கொடி பயந்துபோய்ப் பண்பாட்டையே ஆய்விலிருந்து எடுத்துவிடக் கூடாது.

மானிடவியலாளர் ஜோசஃப் ஹென்ரிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் சிறு சமூகங்களில் நடத்திய பங்கீட்டு விளையாட்டைப் பாருங்கள். ஒருவரிடம் பணம் தரப்படும். அதில் ஒரு பங்கை அவர் இன்னொருவருக்குத் தருவதாகச் சொல்ல வேண்டும். மற்றவர் மறுத்துவிட்டால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாகத் தந்தது 26 சதவீதம். இந்தோனேசியாவின் லாமலேரா மக்களோ பாதிக்கும் மேல் தந்தார்கள். அவர்கள் படகில் கூடிப் போய்த் திமிங்கிலம் பிடித்துப் பங்கிட்டுக்கொள்பவர்கள். பப்புவா நியூ கினியின் ஆவ், க்னாவ் மக்கள் பாதிக்கும் மேலான தாராளப் பங்கைக்கூட வேண்டாம் என்றார்கள். அங்கே பரிசு வாங்கினால் கடன்பட்டதாக அர்த்தம். கேட்காமல் வந்த பரிசும் பின்னாளில் திருப்பிச் செய்தாக வேண்டிய சுமைதான்.

எனக்கு இது மிகவும் பிடித்த ஆய்வு. ஆவ் மக்களை ஆய்வாளர்கள் வெறும் எண்ணாக்கி விடவில்லை. 'பரிசு' என்றால் அவர்களுக்கு என்ன என்று போய்க் கேட்டார்கள். நீங்களும் "முயற்சி செய்கிறோம்" என்பது அந்தக் குழுவுக்குள் என்ன பொருள் தருகிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் வேலை செய்த குழு ஒன்றில் அதற்கு 'முடியாது' என்றே பொருள். எங்களுக்குள் யாரும் அதைத் தவறாகப் புரிந்துகொண்டதே இல்லை.

முல்லைக்கொடி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அந்தப் பொறியாளரிடம் மறுபடியும் பேசினேன். ஐயா கேட்ட மூன்றாவது கேள்வியை அப்படியே கேட்டேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே, சோதனைக் கருவி பழுதானதையும் குறைந்தது ஒன்பது நாள் தேவை என்பதையும் அவர் மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார். அதைத் திரையில் எனக்குக் காட்டினார். பதிலே வரவில்லை. "எழுதியது அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும் அதையே திரும்பச் சொன்னால் அவரைக் குற்றம் சொல்வது போல் ஆகிவிடுமே" என்றார்.

முதல் பேட்டியில் நான் அவரிடம் மின்னஞ்சல் பற்றிக் கேட்கவே இல்லை. மேலாளரிடம் நாளை பேசப் போகிறேன். அந்த மின்னஞ்சலை அவர் எப்போது திறந்தார் என்பதுதான் என் முதல் கேள்வி.