புதுப்பிப்பு: டாம்கேட்டில் ரீடிப்ளாய் செய்யும்போதெல்லாம் மெட்டாஸ்பேஸ் ஏறுவது – தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வரான டாம்கேட்டை நிறுத்தாமல் வார் ஃபைலை (ஆப்பின் தொகுப்பு) மட்டும் மாற்றி ரீடிப்ளாய் செய்தால், சில முறைக்குப் பிறகு 'அவுட் ஆஃப் மெமரி எரர்: மெட்டாஸ்பேஸ்' என்று விழுகிறது என்று கேட்டிருந்தேன். மெட்டாஸ்பேஸ் என்பது கிளாஸ்களின் விவரங்களை ஜாவா வைத்திருக்கும் மெமரி.

மேக்ஸ் மெட்டாஸ்பேஸ் சைஸைக் கூட்டியது விழும் நேரத்தைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். வேலை செய்தது, ஹீப் டம்ப் (ஜாவா மெமரியின் நகல்) எடுத்து, பழைய கிளாஸ்லோடரை (ஆப்பின் கிளாஸ்களை லோட் செய்வது; ஒவ்வொரு ரீடிப்ளாய்க்கும் புதிதாக ஒன்று வரும்) யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்ன யோசனை. ஹீப் டம்பை அலசும் கருவியான எக்லிப்ஸ் மேட்டில் ஜிசி ரூட் (ஆப்ஜெக்ட்களை மெமரியில் தங்கவைக்கும் தொடக்கப் புள்ளி) வரை போனால், டேட்டாபேஸ் டிரைவர் தொடங்கிய ஒரு பின்னணி த்ரெட். அதன் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடர் பழைய ஆப்பினுடையது. அந்த ஒரு கண்ணி போதும், அது லோட் செய்த அத்தனை கிளாஸும் மெமரியில் அப்படியே கிடக்கும்.

டிரைவர் ஜாரை வெப்-இன்ஃபிலிருந்து எடுத்து டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் போட்டு, சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தேன். அப்புறம் எத்தனை ரீடிப்ளாய் செய்தாலும் மேனேஜர் பக்கத்தின் 'ஃபைண்ட் லீக்ஸ்' (நிறுத்தியும் மெமரியில் கிடக்கும் ஆப்களைக் காட்டுவது) எதையும் காட்டவில்லை.

எதிர்பாராத ஒன்று: கிளாஸ்கள் போன பிறகும் டாப்பில் (ஓஎஸ்ஸின் பிராசஸ் பட்டியல் கமாண்ட்) பிராசஸின் மெமரி பெரிதாகக் குறையவில்லை. நாங்கள் இருப்பது ஜாவா 11. காலியான மெட்டாஸ்பேஸை ஓஎஸ்ஸுக்குத் தாராளமாகத் திருப்பித் தருவது ஜாவா 16-இல்தான் வந்தது. டாப்பை நம்பாதீர்கள், ஜாவாவோடு வரும் ஜேகமாண்ட் கருவியில் பாருங்கள்.