ஆற்றோர வரலாற்று நடைக்குப் போனவர்கள் இங்கே எழுதுங்கள்

செந்தூல் தம்பி
கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல் பக்கத்து எல்.ஆர்.டி. ரயில் நிலைய வாசலில் ஆள் சேர்த்து ஆற்றோரமாகக் கூட்டிப் போகிறார்களே, வரலாற்றுச் சங்கத்து நடை, அதைப் பற்றித்தான். போய் வந்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பேச்சு எல்லாருக்கும் தெரிந்ததுதான், கோலாலம்பூர் உருவான கதை. 1857, கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா, அவர் அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளிகள், கிள்ளான் ஆற்றில் படகு. கோம்பாக் வந்து கலக்கும் இடத்தில் இறங்கி அம்பாங் வரை காட்டுக்குள் நடை, அப்புறம் மலேரியா. வழிநடத்திய பெண் நன்றாகவே சொன்னார். மேடான் பாசார் மணிக்கூண்டுப் பக்கம் வந்ததும் 1971 ஜனவரி வெள்ளத்தின் படத்தைத் தூக்கிக் காட்டினார். கூட்டத்தில் பாத்தேக் சட்டை போட்ட ஒரு பெரியவர், நம்ம ஆள். யாரும் கேட்காமலே கடைமுன் நடைபாதையான ஐந்தடி வழித் தூணில் போய்க் காது உயரத்துக்குக் கையை வைத்தார். "இது வரைக்கும். அரிசி மூட்டையை மாடிப்படியில அடுக்கினோம். மேல் மூட்டை ஒண்ணுதான் காய்ஞ்சு கிடந்துச்சு" என்றார், தமிழில். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "தேங்க்யூ அங்கிள், நேரமாச்சு" என்று மலாயில் சொல்லி பாசார் செனி பக்கம் கிளம்பிவிட்டார். பெரியவர் கையை எடுக்கவே இல்லை. அவர் பெயரைக்கூட யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

பத்துமலை டீச்சர்
அதே சங்கத்துக்காரர்கள் எங்கள் பள்ளிக்கும் வந்தார்கள். பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, ஆற்றின் மேல் விரலை ஓட்டச் சொன்னார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஒரு பிள்ளை தூங்கவில்லை. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி பத்துமலையில் ஆரம்பித்தாள். பத்து ஆறு கோம்பாக்கில் சேர்ந்தது, கோம்பாக் கிள்ளானில் சேர்ந்தது, விரல் மஸ்ஜித் ஜாமெக்கில் போய் நின்றது. நிமிர்ந்து பார்த்து, "அப்போ தைப்பூசத்துக்கு நாம குளிக்கிற தண்ணி பள்ளிவாசலுக்குத்தான் போகுதா?" என்றாள். வந்திருந்த மலாய்க்காரர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஆமாம், முதலில் உங்களிடம், அப்புறம் எங்களிடம்" என்றார்.

செந்தூல் தம்பி சொல்வதைப் பார்த்தால் அவர்கள் பிள்ளைகள் பேசினால் கேட்கிறார்கள், பெரியவர்கள் பேசினால் மணி பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

ஹை ஸ்திரீட் ராஜா
தம்பி, அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். வெயிலில் முப்பது பேரை மேய்ப்பது விளையாட்டா? என் வருத்தம் வேறு. 87 பேர் கதையை வருபவர் போகிறவர் எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நம் தமிழர் தலைவர் தம்புசாமி பிள்ளை எங்கே? மகாமாரியம்மன் கோவிலை அவர் 1873-ல் தொடங்கினார், 1885-ல் அது இப்போதுள்ள தெருவுக்கு, அதாவது அந்தக் கால ஹை ஸ்திரீட்டுக்கு வந்தது. நடையில் போகிறவர்கள் கோபுரத்துக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள், அவ்வளவுதான். 1893-ல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் தொடங்கியபோதும் அவர் முன்னணியில் இருந்தார். அந்தப் பள்ளியின் முதல் கட்டடம் அதே ஹை ஸ்திரீட்டில், ஆற்றங்கரையில்தான் இருந்தது. 1929-ல் மேட்டுக்கு மாற்றினார்கள். ஆற்றைப் பற்றிப் பேசும் நடையில் இதைவிடப் பொருத்தமாக எது இருக்கிறது?

நான் கேட்டேன். "அடுத்த நடையில் சொல்வோம்" என்றார்கள். அடுத்த நடை சீனர் கோவில்கள்.

இன்னொன்று. இங்கே பலரும் 1881-ஐக் குழப்புகிறார்கள். ஜனவரியில் தீ, டிசம்பரில் வெள்ளம். அத்தாப்பு ஓலைக் கூரை ஊர் முதலில் எரிந்தது, மிச்சத்தை ஆறு கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் பிரிட்டிஷ் அதிகாரி சுவெட்டன்ஹாம் செங்கல், ஓடு என்று பிடிவாதம் பிடித்தார். பிரிக்பீல்ட்ஸ் பேர் அந்தச் சூளைகளால் வந்தது.

பத்துமலை டீச்சர்
ராஜா சார், 1881-ஐ இங்கே யாருமே சொல்லவில்லையே, யார் குழப்பியது?

ஹை ஸ்திரீட் ராஜா
பொதுவாகச் சொன்னேன் டீச்சர்.

குடை மறந்தவள்
நான் அந்தச் சங்கத்தில் தொண்டூழியர். பெரியவர் விஷயம் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்லித்தான் எங்களை அனுப்புகிறார்கள். இருந்தாலும் ஒரு நாள் அந்தக் கணக்கு எடுபடவில்லை.

சங்கமத்தில் நின்று நான் ஸ்மார்ட் சுரங்கத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். 2007-ல் திறந்தது, 9.7 கிலோமீட்டர், சாதாரண நாளில் நடுவே கார் ஓடும், பெருமழையில் காரையெல்லாம் வெளியேற்றிவிட்டு வெள்ளத்தை உள்ளே விடுவார்கள், அந்தக் கதை. எங்கள் தலைக்கு மேல் ஒரு தூறல்கூட இல்லை. கோம்பாக் பக்கம் மேலே எங்கோ கொட்டியிருக்க வேண்டும். தே தாரேக் பால் தேநீர் நிறத்தில் தண்ணீர் திரண்டு வந்தது. கான்கிரீட் கரையில் பச்சைப் பாசி படிந்த கோடு ஒன்று உண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். யாரும் கைப்பேசியைக்கூட எடுக்கவில்லை. ஒரு சிறுவன் மட்டும், "இப்போ சுரங்கத்தில் கார் இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

கெராமாட் கார்த்தி
நான் போனது என் மலாய் நண்பனோடும் அவன் அம்மாவோடும். ஆற்றங்கரையைப் புதுப்பித்தபோது மண்ணுக்கு அடியிலிருந்து மஸ்ஜித் ஜாமெக்கின் பழைய படிகள் வெளிவந்தன, தெரியும்தானே? ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1909-ல் திறந்த பள்ளிவாசல். அந்தக் காலத்தில் ஆற்றுக்கு நேராக இறங்கப் படி இருந்திருக்கிறது. வழிகாட்டி கட்டடக் கலை, குவிமாடம், வளைவு என்று அடுக்கிக்கொண்டே போனார். நண்பனின் அம்மா மட்டும் சற்றுப் பின்னால் நின்று செருப்பைக் கழற்றினார். படிக்கு மரியாதையா என்று கேட்டேன். "இந்த இடமெல்லாம் முன்னால் குபுர், இடுகாடு, என் பாட்டி சொல்வார்" என்றார். மலாய்க்காரர்களின் பழைய இடுகாட்டில்தான் பள்ளிவாசலைக் கட்டினார்கள் என்று வழிகாட்டியும் சொன்னார், ஆனால் ஒரு வரியில்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
1971-ல் நானும் தண்ணீரில் நின்றவன், கம்போங் பாருவில். அது இருக்கட்டும். எல்லாரும் சங்கத்தையே எதிர்பார்க்காமல் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களே பதிவு செய்யுங்கள். சில விஷயங்களைக் கவனியுங்கள். காற்றாடியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவில் அந்தச் சத்தம்தான் கேட்கும். கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். எந்த வருடம் என்று ஆரம்பிக்காதீர்கள், பயந்துவிடுவார்கள். அன்றைக்கு என்ன சமைத்தீர்கள், எந்தச் சாமானை முதலில் மாடிக்கு ஏற்றினீர்கள் என்று கேட்டால் வருடம் தானாக வரும். நடுவில் திருத்தாதீர்கள். பழைய படத்துக்குப் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மறுபக்கம் ஊறிவிடும். மென்மையான பென்சில் போதும். லேமினேட் செய்யவே கூடாது, செய்தால் பிரிக்க முடியாது. அப்படியே கெடும். பதிவுக்கு ஒரு பிரதி போதாது, ஒன்றையாவது வேறு வீட்டில் வையுங்கள். பேசியவரிடம் அனுமதி கேளுங்கள், அதையும் பதிவிலேயே சொல்ல வையுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். பாட்டி அழுதால் நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

செந்தூல் தம்பி
வாத்தியார் சார், கம்போங் பாரு கதையைச் சொல்லாமல் ஓடிவிட்டீர்களே.

ஓய்வுபெற்ற வாத்தியார்
அதைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது தம்பி. கோழிக்கூண்டை அலமாரி மேல் ஏற்றினோம், கோழி மூன்று நாள் முட்டையிட்டது, நாங்கள் அதைத்தான் சாப்பிட்டோம்.

ஹை ஸ்திரீட் ராஜா
பார்த்தீர்களா, இதைத்தான் நடையில் சொல்ல வேண்டும். 87 பேரை விட்டுத்தள்ளுங்கள்.

குடை மறந்தவள்
ராஜா அண்ணே, 87 பேரையும் விட முடியாது, தம்புசாமியையும் விட முடியாது. நேரத்தை இரண்டு மணியாக நீட்டக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். முடிவு வரவில்லை. வாத்தியார் சார், கோழி மூன்று நாளும் அலமாரி மேலேயேவா இருந்தது?