ஒட்டும் ஸ்பூல் டேப்: சூடேற்றும் முன் ஒரு சந்தேகம்

வணக்கம். ஒலிப்பதிவுகள் உள்ள கால் அங்குல ஸ்பூல் டேப் (திறந்த சுருளில் சுற்றிய காந்த நாடா) 12 இருக்கின்றன. எல்லாம் 1970களின் கடைசியில் வந்த, பின்புறம் கருப்புப் பூச்சுள்ள பாலியெஸ்டர் வகை. ஓட்டினால் கிரீச்சிடுகிறது, ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பகுதி) பழுப்புப் பிசின் அப்புகிறது. பைண்டர் (காந்தத் துகளை நாடாவில் பிடித்து வைக்கும் பசை) ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்திருக்கிறது. மேலும் ஓட்டினால் பதிவே உரிந்துவிடும் என்பதால் நிறுத்தியாயிற்று.

அந்த ஈரத்தைப் போக்க 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் சூடேற்றி, அதே அளவு நேரம் ஆறவிட்டு, உடனே டிஜிட்டலுக்கு மாற்றுவது திட்டம். (அசிட்டேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த டேப்பை இப்படிச் சூடாக்கவே கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் சுற்றின் ஊடே ஒளி தெரிவதுதான் அதன் அடையாளம்.)

பிளாஸ்டிக் ஸ்பூல் இந்தச் சூட்டில் வளையுமா? உலோக ஸ்பூலுக்கு மாற்றலாமென்றால், அதற்கே டேப்பை ஓட்ட வேண்டுமே! பிறகு 18 டிகிரியில், 40 சதவீத ஈரப்பதத்தில் நிமிர்த்தி வைத்தால் எத்தனை வாரத்தில் மறுபடி ஒட்டும்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.