சின்னக் கார்ல குடும்பத்தோட ஆல்ப்ஸ் ஏறினவங்க, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்க

பத்து இஞ்ச்:
நம்ம வண்டி 1978 மினி, 998 சிசி, பத்து இஞ்ச் சக்கரம், வலது பக்க ஸ்டியரிங். போன ரூட்டெல்லாம் விட்டுடறேன், நேரா இத்தாலியில இருக்கற ஸ்டெல்வியோ கணவாய்க்கு வந்துடறேன், ஏன்னா ரெண்டு வருஷமா மனசை அரிச்சுக்கிட்டு இருக்கிறது அங்க நடந்த அஞ்சு நிமிஷம்தான். ப்ராட்டோ ஊர்ப் பக்கத்துலேர்ந்து ஏறினா 48 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்கும், கீழ 48ல ஆரம்பிச்சு மேல போகப் போகக் குறையும். பின்சீட்ல பொண்ணுக்கு 9 வயசு, பையனுக்கு 6, ரெண்டும் ஒவ்வொரு நம்பரா கத்திக்கிட்டே வந்துச்சுங்க. முப்பதைத் தாண்டினதும் டெம்பரேச்சர் முள்ளு ஏற ஆரம்பிச்சுது. ஹீட்டரை ஃபுல்லா திறந்துவிட்டேன், இஞ்சின் சூட்டுல கொஞ்சத்தை அது உள்ள இழுத்துக்கும், மினிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஆகஸ்ட் வெயில்ல காலடியில அனல் அடிக்குது, புள்ளைங்க மூஞ்சி செவந்து போச்சு, ஆனாலும் எண்றதை நிறுத்தல. 22ல ஓரங்கட்டிட்டேன்.

பானெட்டைத் திறந்தா பைபாஸ் ஹோஸ்லேர்ந்து, அதாவது இஞ்சினைக் குளிர வைக்கற தண்ணி போற சின்ன ரப்பர் குழாய்லேர்ந்து, சொட்டுது. கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்தியிருக்கணும், தப்பு என்னோடது. இருந்த தண்ணியெல்லாம் புள்ளைங்க குடிச்சு முடிச்சாச்சு. அப்பதான் அந்தப் பெரியவர் சைக்கிள்ல ஏறி வந்தார். எழுபது வயசாவது இருக்கும். நின்னார், வண்டியைப் பார்த்தார், பின்சீட்ல இருந்த புள்ளைங்களைப் பார்த்தார். சைக்கிள்ல மாட்டியிருந்த ரெண்டு பாட்டில்ல நிறைஞ்சிருந்ததை எடுத்து சுவத்து மேல வெச்சார், மினியோட கூரையை ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிட்டார். ஒரு வார்த்தை பேசல. அவர் கிளம்பினப்புறம்தான் கவனிச்சேன், இன்னொரு பாட்டில்ல அடியில ரெண்டு விரற்கடைதான் இருந்துச்சு.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, அந்தத் தண்ணியை ஊத்தி, மெதுவா மேல போனோம். வழி முழுக்கப் பார்த்துக்கிட்டே போனோம், காணோம். 2757 மீட்டர் உச்சியில ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னு வந்த சைக்கிளையெல்லாம் பார்த்தேன், அவர் வரல. நான் பானெட்டுக்குள்ள தலையை விட்டிருந்தப்ப தண்ணி போதாம திரும்பி இறங்கிட்டாரோன்னு இன்னிக்கும் ஒரு நினைப்பு. பாட்டில் இன்னும் கதவுப் பையிலதான் இருக்கு.

இடப்பக்க சீட்:
நான் ஓட்டறவ இல்ல, பக்கத்துல உக்கார்றவ. வலது பக்க ஸ்டியரிங் வண்டியை, ரோட்டோட வலது பக்கமா போற பிரான்ஸ்ல ஓட்டினா பக்கத்து சீட்டுக்காரிதான் பாதி டிரைவர். டோல் சீட்டு எடுக்கறதும் நான்தான், முன்னாடி போற வண்டியை முந்தலாமா வேணாமான்னு பார்த்துச் சொல்றதும் நான்தான், ஏன்னா நடுக்கோட்டு பக்கம் நான் இருக்கேன், அவருக்கு முன்வண்டியோட முதுகு மட்டும்தான் தெரியும்.

ரூட் நெப்போலியன்ல காஸ்டெலான் தாண்டி வைக்கோல் ஏத்தின ட்ராக்டர் ஒண்ணு முன்னால ஊர்ந்துக்கிட்டிருந்துச்சு. ரொம்ப நேரமா அதுக்குப் பின்னாடியே. அவர் போலாமான்னு கேட்டார், ரோடு நேரா காலியா தெரிஞ்சுது, போங்கன்னேன். அது நேர் ரோடு இல்ல, நடுவுல ஒரு இறக்கம், அதுக்குள்ள வண்டி இருந்தா வெளிய தெரியாது. ட்ராக்டரோட பின்சக்கரம் எங்க கூரையை விட உசரமா அவர் ஜன்னல் பக்கம் சுத்திக்கிட்டிருக்கு, நாலு பேர் பெட்டி படுக்கையோட இருக்கற வண்டி எவ்வளவு மிதிச்சாலும் நகரல, அப்ப அந்த இறக்கத்துலேர்ந்து ஒரு வெள்ளை வேன் எழுந்து வந்துச்சு. பிரேக் அடிச்சு ட்ராக்டருக்குப் பின்னாடியே திரும்ப வந்து விழுந்தோம். வேன்காரர் ஹார்ன் அடிச்ச சத்தம் கூட எனக்கு நினைவில்ல, நான் சொன்ன அந்தப் "போங்க"தான் காதுல இருக்கு. அவர் ஒரு வார்த்தை என்னைக் கேக்கல. இப்பல்லாம் போங்கன்னு சொல்றதே இல்ல. வண்டி வருது, வண்டி தெரியல, இவ்வளவுதான் சொல்வேன், மிச்சத்தை அவர் பார்த்துக்கட்டும்.

மலைநாடன்:
நாங்கள் சுவிசில இருக்கிறம். எங்கட மினி 1990, 12 இஞ்சி சில்லு. என்ர கதை இங்கத்தை ஃபுர்கா கணவாயில நடந்தது. அம்மா முன்சீற்றில, மனிசியும் ரெண்டு பிள்ளையளும் பின்னுக்கு. ரோன் பனிப்பாறையை அம்மாவுக்குக் காட்டிப்போட்டு, 2429 மீற்றர் உச்சி தாண்டி றியால்ப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தனாங்கள். அந்தப் பக்கம் ரோட்டு ஒடுக்கம், பள்ளம் அம்மா இருந்த பக்கம்.

வளைவுக்கு அங்கால மூண்டு சுரத்தில ஹோர்ன் சத்தம் கேட்டுது, கேட்ட கையோட தபால் நிறுவனத்தின்ர மஞ்சள் போஸ்ட் பஸ் எனக்கு முன்னால வந்து நிண்டுட்டுது. நான் பின்னுக்கு, அதுவும் மேட்டில, ரிவேர்ஸ் எடுக்கவேணும். மஞ்சள் ஊதுகொம்பு படம் போட்ட நீலப் பலகையை இந்த நாட்டில 15 வருஷமாக் கண்டுகொண்டுதான் இருக்கிறன், ஆனா அதின்ர அர்த்தம் எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது. அந்தப் பலகை இருக்கிற மலைரோட்டில போஸ்ட் பஸ்ஸுக்குத்தான் முதல் இடம், சாரதி காட்டுற சைகைப்படிதான் நாங்கள் நடக்கவேணும். கிளச் எரியிற மணம், பின்னால கார் ஒண்டு வேற, அம்மா கண்ணை மூடிக்கொண்டு கதவை இறுக்கிப் பிடிச்சபடி.

சாரதி இறங்கி நடந்து வந்தார். பின்னால நிண்ட காரை முதல்ல அனுப்பினார். பிறகு எனக்கு வந்து கை காட்டினவர், எங்க நிண்டு காட்டினவர் தெரியுமோ, பள்ளக்கரையில. காருக்கும் பள்ளத்துக்கும் நடுவில தான் நிண்டுகொண்டு, என்னைப் பார், என்னை மட்டும் பார் எண்டு கையால காட்டிக் காட்டி ஒதுங்கிற இடம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கடைசியில என்ர காரின்ர பக்கக் கண்ணாடியைத் தன்ர கையால மடிச்சுவிட்டார், அந்த இடைவெளியால பஸ்ஸை எடுத்தார். என்ர கால் ஒருக்கா வழுக்கியிருந்தால் முதல்ல போயிருக்கிறது அந்த மனுசன்தான். அதை நினைச்சால் இப்பவும் நித்திரை வராது.

கேஸ்கெட்:
பத்து இஞ்ச், கோவிச்சுக்காதீங்க, புள்ளைங்களை வெச்சுக்கிட்டு தண்ணி கேன் இல்லாம ஸ்டெல்வியோ ஏறினது சரியில்ல. என் அனுபவம் சின்னது: சுவிஸ்ல சுஸ்டன் கணவாய்ல இறங்கறப்ப பிரேக் பெடல் பாதி தூரம் சும்மா உள்ள போச்சு, ஹேண்ட்பிரேக்கும் ரெண்டாவது கியரும் சேர்ந்து காப்பாத்திச்சு, அவ்வளவுதான். ஆனா அதுலேர்ந்து கத்துக்கிட்டதைச் சொல்லியே ஆகணும்.

ஸ்டெல்வியோ உசரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தைவிட கிட்டத்தட்ட கால்வாசி குறைஞ்சிடும். உங்க 998க்கு இருக்கறதே நாப்பது குதிரைசக்தி சுமார், அதுல கால்வாசி போயிடுச்சுன்னு வெச்சுக்கங்க, நாலு பேரு, சாமான், ரெண்டாவது கியர், வேகம் இல்லாம சுத்து மட்டும் அதிகம். கார்புரேட்டருக்கு காத்து குறைஞ்சது தெரியாது, பெட்ரோல் அதிகமா போகும், வண்டி இருமும். மினில ரேடியேட்டர் நேரா முன்னாடி இல்ல, பக்கவாட்டுல இருக்கு, ஃபேன் வெக்கையை சக்கரப் பக்கமா தள்ளுது, அதனால மெதுவா ஏறறப்ப எதிர்க்காத்து பெருசா உதவாது. அதுக்கு மேல, அந்த உசரத்துல திறந்த பாத்திரத்துல தண்ணி 91 டிகிரி சுமார்லயே கொதிச்சிடும், ரேடியேட்டர் மூடி தர்ற அழுத்தம்தான் அதைப் பிடிச்சு வெச்சிருக்கு, சூட்டோட மூடியைத் திறந்தா மூஞ்சியில பொங்கும். பைபாஸ் ஹோஸ் ரெண்டு விரல் நீளம் கூட இருக்காது, வெலையும் ஒண்ணும் இல்ல, ஆனா இருக்கற இடம் கை போகாத இடம், ரோட்டோரத்துல மாத்தவே முடியாது. வீட்டுலயே மாத்திட்டுத்தான் கிளம்பணும்.

இறங்கறது அதைவிட முக்கியம். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க. 1984ல 12 இஞ்ச் சக்கரமும் முன் டிஸ்க்கும் வர்ற வரைக்கும் சாதாரண மினிக்கு நாலு பக்கமும் டிரம் பிரேக்தான், சூடேறினா பிடிக்காது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ஈரம் கலந்த ஆயில் சூட்டுல ஆவியாகும், பெடல் உள்ள போறது அதனாலதான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. கூரை மேல கேரியர் போட்டு சாமான் அடுக்காதீங்க, அஞ்சு லிட்டர் தண்ணி எப்பவும் வண்டில இருக்கட்டும்.

பத்து இஞ்ச்:
கேஸ்கெட், நீங்க சொன்னது எல்லாமே சரி. முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன்னு நானே எழுதியிருக்கேன், படிச்சிருப்பீங்க. ஹோஸை மாத்தியாச்சு, கேனும் இருக்கு. நான் சொல்ல வந்தது வண்டியைப் பத்தி இல்ல. தன் தண்ணியைக் கொடுத்துட்டு ஏறினவரைப் பத்தி.

மழைக்கோட்டு:
கேஸ்கெட் சொல்ற மாதிரி எல்லாத்தையும் மாத்திட்டுக் கிளம்பினவன் நான். ஹோஸ், பிரேக் ஆயில், பெல்ட் எல்லாம் புதுசு. அப்படியும் வண்டி நின்னுச்சு. ஆஸ்திரியாவுல ப்ரென்னர் நெடுஞ்சாலைல யூரோப்பாப்ரூக்கே பாலம் தாண்டி, இருட்டற நேரம், கொட்டற மழை. மினில பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னாடி இருக்கறது உங்களுக்கெல்லாம் தெரியும், முன்னாடி போற லாரி வாரி அடிச்ச தண்ணி மொத்தமும் அதுலதான். ரெண்டு இருமல், அப்புறம் சத்தமே இல்ல. எப்படியோ உருட்டி ஓரத்துக்குக் கொண்டுவந்தேன்.

வண்டில இருந்தது ரெண்டு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட். நாங்க நாலு பேரு. சட்டத்துக்கு டிரைவருக்கு இருந்தா போதும்னு நினைச்சு, ரெண்டே அதிகம்னு கிளம்பியிருந்தேன். ரெண்டையும் புள்ளைங்களுக்கு மாட்டினேன், பெரியவங்க சைஸ், சின்னவனுக்குக் கணுக்கால் வரைக்கும் தொங்குது. மனைவி அவங்களைக் கூட்டிக்கிட்டு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க. நான் முக்கோணப் பலகையை வெச்சுட்டு கறுப்பு கோட்டோட பானெட்டுக்குள்ள குனிஞ்சேன். ஒவ்வொரு லாரி போறப்பவும் வண்டியே ஆடுது. மூடியைக் கழட்டி துணியால தொடைச்சு, மனைவி பாத்திரம் கழுவ வெச்சிருந்த ரப்பர் கையுறையோட விரல் நுனியெல்லாம் வெட்டி, ஒவ்வொரு விரல் வழியா ஒவ்வொரு பிளக் ஒயரை விட்டு டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே மூடினேன். பழைய மினிக்காரங்க வித்தைதான், ஸ்டார்ட் ஆயிடுச்சு.

ஆனா நான் நிமிர்ந்தப்ப தெரிஞ்சது, கம்பிக்கு அந்தப் பக்கம் இருட்டுல ரெண்டு சின்ன மஞ்சள் மட்டும்தான். மனைவி நடுவுலதான் நின்னுருக்காங்க, தெரியவே இல்ல. ஒரு வினாடி அவங்க இல்லைன்னே நினைச்சுட்டேன். இப்ப அஞ்சு ஜாக்கெட் இருக்கு, டிக்கில இல்ல, கை எட்டற இடத்துல.

ரெண்டு சிலிண்டர்:
எங்களுது மினி இல்ல, 1970 ஃபியட் 500, 499 சிசி, 18 குதிரைசக்தி. ரேடியேட்டரே கிடையாது, காத்துலயே குளிர்ற இஞ்சின், அதனால மேல சொன்ன கொதி கதை எதுவும் இல்ல. ஆனா கியர் சுலபமா விழ உதவற சிங்க்ரோ கிடையாது, ஒவ்வொரு தடவையும் ரெண்டு தடவை கிளட்ச் மிதிக்கணும்.

ஆஸ்திரியாவுல குரோஸ்குளொக்னர் மலை ரோட்டுலேர்ந்து எடெல்வைஸ்பிட்சே உச்சிக்கு ஒரு கிளை ரோடு பிரியும், 2571 மீட்டர், கல் பாவின ரோடு, 14 சதவீத ஏத்தம். நாலு பேரோட முதல் கியர்லயே திணறி நடுவுல நின்னுடுச்சு. மனைவியையும் புள்ளைங்களையும் இறங்கச் சொன்னேன், நீங்க மெதுவா நடந்து வாங்க, நான் மேல கொண்டு போய் நிறுத்தறேன்னு. காலி வண்டி கிளம்பிடுச்சு. ஆனா நடுவுல நிறுத்தினா மறுபடி கிளம்பும்ங்கற நம்பிக்கை எனக்கு இல்ல.

வளைவுல திரும்பறப்ப கண்ணாடியைப் பார்த்தேன். சின்னவ, அஞ்சு வயசு, அம்மா கையை உதறிட்டு வண்டிக்குப் பின்னாடி ஓடி வர்றா. வாய் திறந்திருக்கு, இஞ்சின் சத்தத்துல எதுவும் கேக்கல. கையை வெளிய நீட்டி ஆட்டினேன், அதைப் போறேன்னு சொல்றதா எடுத்துக்கிட்டாளோ என்னவோ, இன்னும் வேகமா ஓடினா. நான் நிறுத்தல.

கேஸ்கெட்:
நிறுத்தியிருக்கலாம். ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே கிளட்ச்சை மெதுவா விட்டா காலி வண்டி கிளம்பியிருக்கும். வண்டி போற ரோட்டுல குழந்தையை ஓட விடறதை விட இஞ்சின் அணைஞ்சு நிக்கறது எவ்வளவோ மேல்.

இடப்பக்க சீட்:
கேஸ்கெட், அந்த நேரத்துல அந்த சீட்ல உக்கார்ந்திருந்தாதான் தெரியும். ரெண்டு சிலிண்டர், மேல வந்து சேர்ந்தப்புறம் பாப்பா என்ன சொன்னா?

ரெண்டு சிலிண்டர்:
கேஸ்கெட் சொல்றது எனக்கும் தெரியும், தினமும் தோணறதுதான். அவ மேல வந்து சேர இருபது நிமிஷம் ஆச்சு, அம்மாதான் தூக்கிட்டு வந்தா. அழுது முடிச்சிருந்தா. கண்ணாடில நான் தெரிஞ்சேனாப்பான்னு கேட்டா. தெரிஞ்சேம்மான்னேன். அப்புறம் அவ ஒண்ணும் கேக்கல, போய் பின்சீட்ல ஏறி உக்கார்ந்துக்கிட்டா. இறங்கறப்ப பாதி வழியில பார்த்தா, பின்னாடியிருந்து என் சட்டைக் காலரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. கீழ வந்து சேர்ற வரைக்கும் விடல.