விலை கூடிய புது மின்சாரக் கார்: அந்தப் பணத்துக்குத் தகுமா?

கேள்வி: சாலைநிழல்

பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் காருக்கு மாறலாம் என்று இருக்கிறேன். பார்த்து வைத்திருக்கும் மாடலில் இரண்டு வகை வருகிறது. கீழ் வகையில் 60 யூனிட் பேட்டரி, பின்சக்கர இயக்கம், 18 அங்குல சக்கரம். மேல் வகையில் 82 யூனிட் பேட்டரி, முன்னும் பின்னும் மோட்டார், 20 அங்குல சக்கரம், கண்ணாடிக் கூரை. விலை மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கம்பெனி சொல்லும் தூரம் ஒன்றுக்கு 400, மற்றதற்கு 530 கி.மீ.

தினசரி ஓட்டம் 45 கி.மீ. மாதம் ஒரு முறை நெடுஞ்சாலையில் 380 கி.மீ. போய், இரண்டு இரவு தங்கித் திரும்ப வேண்டும். அடுக்குமாடியில் எனக்கென்று நிறுத்துமிடம் உண்டு. மீட்டர் பலகையிலிருந்து அங்கே கேபிள் இழுத்தால் 35 மீட்டர் வரும். மேல் வகைக்கு அவ்வளவு கொடுக்கலாமா, கீழ் வகையே போதுமா, இல்லை மின்சாரக் காரே இப்போது வேண்டாமா?

பதில்: மின்னோடி

முதலில் அந்த 530-ஐ ஒதுக்கி வையுங்கள். கம்பெனிகள் தூரத்தை அறிவிக்கப் பயன்படுத்தும் டபிள்யூஎல்டிபி சோதனை 23 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் நடக்கிறது, 23.25 கி.மீ. தூரம். சராசரி வேகம் மணிக்கு சுமார் 46.5 கி.மீ. தான். நீங்கள் நெடுஞ்சாலையில் 110-இல் போவீர்கள். ஒரு கி.மீ. போகக் காற்றைத் தள்ளச் செலவாகும் மின்சாரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 90-லிருந்து 110-க்கு ஏற்றினாலே அந்தப் பங்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

அடுத்து, 82 யூனிட் என்று எழுதியிருந்தால் அது மொத்தக் கொள்ளளவா, பயன்படுத்தக்கூடியதா என்று கேளுங்கள். ஃபோக்ஸ்வாகன் ஐடி.4-இல் மொத்தம் 82, ஓட்டக் கிடைப்பது 77. உங்கள் காருக்கும் அதே அளவு என்று வைத்துக்கொண்டு, உங்கள் 380 கி.மீ. பயணத்தை இரண்டு வகையிலும் ஓட்டிப் பார்ப்போம்.

மேல் வகை 110 வேகத்தில் 100 கி.மீ.க்கு 22 யூனிட் குடிக்கும் என்று கொள்ளுங்கள். 100 சதவீதத்தில் கிளம்பி 10 சதவீதம் வரை ஓட்டினால் 69 யூனிட், அதாவது 315 கி.மீ. மீதி 65 கி.மீ.க்கு 14 அல்லது 15 யூனிட் வழியில் ஏற்ற வேண்டும். சராசரி 110 கிலோவாட் வேகத்தில், அதாவது மணிக்கு 110 யூனிட் வீதம், ஏறினால் 8 நிமிடம்.

கீழ் வகையில் ஓட்டக் கிடைப்பது 57 யூனிட் என்போம். எடை குறைவு, சக்கரம் சிறியது, 100 கி.மீ.க்கு 20 யூனிட். 10 சதவீதம் வரை ஓட்டினால் 255 கி.மீ. மீதி 125 கி.மீ.க்கு 25 யூனிட். சராசரி 90 கிலோவாட்டில் 17 நிமிடம்.

இரண்டுமே ஒரு தடவை நிற்கின்றன. வித்தியாசம் 9 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலையில் உங்களுக்குக் கிடைப்பது, ஒரு வழிப் பயணத்தில் இந்த 9 நிமிடம்தான்.

திரும்பும்போது? தங்குமிடத்தில் சாதாரண பிளக் இருந்தால் 10 ஆம்பியர், 230 வோல்ட்டில் 2.3 கிலோவாட். இரண்டு இரவு, இரவுக்குப் பத்து மணி நேரம் போட்டால் 46 யூனிட் இழுக்கும், இழப்பு போக 40 யூனிட் பேட்டரிக்குள் சேரும். 10 சதவீதத்தில் போய் நின்ற கீழ் வகை கார் 80 சதவீதத்தில் கிளம்பும். பிளக் இல்லாத இடமென்றால் புறப்படும் முன் வேகச் சார்ஜரில் போட்டே ஆக வேண்டும். அப்போது பெரிய பேட்டரிக்குக் கொஞ்சம் மதிப்புக் கூடும்.

பெரிய பேட்டரி நிஜமாகவே உதவும் நிலைமைகள் உண்டு: உறைபனிக் குளிர், டிரெய்லர் இழுப்பது, சார்ஜர்கள் 200 கி.மீ.க்கு மேல் இடைவெளியில் இருக்கும் பாதை. பூஜ்யம் டிகிரியில் ஹீட்டர் மட்டும் 3 கிலோவாட் தின்னும். காற்றும் அடர்த்தியாகிவிடும். மொத்தத்தில் 30 சதவீதம் தூரம் குறைந்தால் கீழ் வகையின் 255 சுமார் 180 ஆகிவிடும், இரண்டு தடவை நிற்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஓட்டுபவர் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே தரும் கருவி) இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தில் அது இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் கொண்டுவரும்.

பதில்: தாமிரம்10

வண்டியை முடிவு செய்யும் முன் வயரிங்கை முடிவு செய்யுங்க சார். 35 மீட்டர் என்பது சின்னத் தூரம் இல்லை.

32 ஆம்பியர் சார்ஜர், அதாவது 7.4 கிலோவாட், வைத்து 6 சதுர மி.மீ. தாமிரக் கேபிள் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய 8 வோல்ட் விழுந்துவிடும். 8 வோல்ட்டை 32 ஆம்பியரால் பெருக்குங்க, 256 வாட். சார்ஜ் ஆகும் நேரம் முழுக்க கேபிள் அவ்வளவு சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். 10 சதுர மி.மீ. போட்டால் விழுவது 5 வோல்ட்டுக்குள் அடங்கும். குழாய்க்குள் மற்ற கேபிள்களோடு சேர்த்து நெருக்கினால் தாங்கும் திறன் இன்னும் குறையும், அதையும் எலக்ட்ரீஷியன் கணக்கில் எடுக்கணும்.

ஆனால் உங்களுக்கு 32 ஆம்பியர் தேவையே இல்லை. 45 கி.மீ.க்கு 8 யூனிட், இழப்போடு 9. 16 ஆம்பியரில் 3.7 கிலோவாட், இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பயணத்துக்கு முந்தின நாள் முழு சார்ஜ் வேணும்னாலும் ஒரு ராத்திரியில் 35 யூனிட்டுக்கு மேல ஏறும். 10 சதுர மி.மீ. கேபிளை இப்பவே போட்டுவிட்டு சார்ஜரை 16-இல் செட் பண்ணி வைங்க, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

மின்கசிவு வந்தால் கரண்ட்டை வெட்டிவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்சிடி கட்டாயம். ஏசி கசிவை மட்டும் உணரும் ஏசி வகை ஆர்சிடி கூடாது. காரின் உள் சார்ஜரிலிருந்து டிசி மின்சாரம் கசிந்தால் ஆர்சிடிக்குள் இருக்கும் இரும்பு வளையம் காந்தத்தால் நிரம்பிப் போகும், அப்புறம் ஆளுக்கு ஷாக் அடித்தாலும் அது கரண்ட்டை வெட்டாது. அதனால் சார்ஜருக்குள்ளேயே 6 மில்லியாம்பியர் டிசி கண்டறியும் அமைப்பு இருந்தால் ஏ வகை போதும், இல்லையென்றால் டிசி கசிவையும் உணரும் பி வகை. இந்தக் கார் சார்ஜருக்குத் தனி சர்க்யூட், தனி பிரேக்கர். வேறு எதையும் அதில் தொங்கவிடாதீங்க.

தங்கப் போகும் இடத்தில் சாதாரண பிளக்கில் போடும்போது அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே டெர்மினல் ஸ்குரூ தளர்ந்திருக்கு, உடனே நிறுத்துங்க. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர், அதுவும் சுருட்டி வைத்தபடி, கூடவே கூடாது. எரிந்து கருகிய சாக்கெட்டுகளுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

பதில்: நாலுசக்கரம்

மின்னோடி கணக்கில் ஒன்றைச் சேர்க்கிறேன். 90, 110 என்று சராசரி சார்ஜ் வேகம் போட்டிருக்கிறார். அதை விளம்பரத்திலிருந்து எடுக்க முடியாது. அங்கே போடுவது உச்ச வேகம், அது சில நிமிடம்தான் நிற்கும். 10-லிருந்து 80 சதவீதம் ஏற எத்தனை நிமிடம் என்று மட்டும் கேளுங்கள். 77 யூனிட்டில் 70 சதவீதம் 54 யூனிட். அது 28 நிமிடத்தில் ஏறினால் சராசரி 116 கிலோவாட். 40 நிமிடம் என்றால் 81 தான், உச்சம் எவ்வளவு எழுதியிருந்தாலும் சரி. ஹூண்டாய் அயோனிக் 5 போன்ற 800 வோல்ட் பேட்டரிக் கார்கள் 350 கிலோவாட் சார்ஜரில் 18 நிமிடத்தில் இதை முடிப்பதாகக் கம்பெனி அறிவித்தது. அந்த அளவு சார்ஜர் உங்கள் பாதையில் இருந்தால்தான் அந்த 18 நிமிடம் உங்களுக்கு. 400 வோல்ட் சார்ஜரில் போட்டால் சில 800 வோல்ட் கார்கள் வெகுவாக மந்தமாகிவிடும், அதையும் கேளுங்கள்.

பாதையைச் சோதிக்கும்போது 255-ஆவது கி.மீ.யில் ஒரு சார்ஜர் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அதற்கு முன்பே 200-க்கும் 240-க்கும் நடுவில் இரண்டு தனித்தனி நிலையங்கள் இருக்க வேண்டும். ஒன்றில் மின்சாரம் இல்லாவிட்டால் மற்றதுக்குப் போகச் சார்ஜ் மிச்சம் இருக்கணும்.

20 அங்குல சக்கரத்துக்கு நான் காசு கொடுக்கச் சொல்ல மாட்டேன். தூரம் குறையும், டயர் விலை ஏறும், பள்ளத்தில் ரிம் வளையும். எதை வாங்கினாலும் டயர் மாற்றும்போது, அது தாங்கும் எடையைச் சொல்லும் சுமைக் குறியீட்டு எண் பழைய டயரில் இருந்ததற்குக் குறையக் கூடாது. பேட்டரி எடைக்காகத்தான் கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் டயர் போட்டு வருகிறது.

பேட்டரியை எப்போதும் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

பதில்: வேதிக்கூடம்

கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) பேட்டரிக்கு, அதுவும் தினசரி ஓட்டத்துக்குத்தான் பொருந்தும். பல மாடல்களில் கீழ் வகைக்கு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) போடுகிறார்கள். எல்எஃப்பி செல்லின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட மாறாமல் நிற்கும், அதனால் 40 சதவீதமா 60 சதவீதமா என்று காருக்கே சரியாகத் தெரியாது. அடிக்கடி, பொதுவாக வாரம் ஒரு முறை, 100 வரை ஏற்றினால்தான் மீட்டர் சரியாகும். இல்லாவிட்டால் 12 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று சக்தியைக் குறைத்துவிடும். கையேட்டில் உங்கள் காருக்கு என்ன போட்டிருக்கிறதோ அதன்படி செய்யுங்கள். சார்ஜ் சுழற்சிகளை எல்எஃப்பி அதிகம் தாங்கும், குளிரில் மட்டும் ஏறுவது மெதுவாகும்.

வாரண்டி பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவார்கள். அந்த 70-ஐ யார், எந்தக் கருவியால் அளப்பது, இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். கல்லில் இடித்து வண்டிக்கடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டி நசுங்கினால் அது வாரண்டியில் வராது, இன்சூரன்ஸில்தான். முன்பதிவுக்கு முன்பே இரண்டு வகைக்கும் இன்சூரன்ஸ் மதிப்பீடு கேளுங்கள். பேட்டரிக்குள் சேதமான மாட்யூலை (செல் தொகுப்பை) மட்டும் மாற்றுவார்களா, முழு பேட்டரியையும் மாற்றச் சொல்வார்களா என்பதும் முக்கியம்.

கேள்வி: சாலைநிழல்

அனைவருக்கும் மிக்க நன்றி. குளிர் பிரச்சினை எனக்கு இல்லை, பாதையில் மூன்று நிலையங்கள் இருக்கின்றன. அப்படியானால் கீழ் வகைதான். பெட்ரோலோடு ஒப்பிட்டால் மிச்சம் வருமா? ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மின்னோடி

இதே அளவு பெட்ரோல் கார் 100 கி.மீ.க்கு 7 லிட்டர் கேட்கும். தினசரி ஓட்டத்தில் மின்சாரக் கார் 18 யூனிட், சார்ஜ் இழப்போடு மீட்டரில் 20. ஆகவே ஒரு யூனிட் விலை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும்வரைதான் எரிபொருளில் மிச்சம். வீட்டுக் கட்டணத்தில் பெரும்பாலும் நன்றாகவே மிஞ்சும். வேகச் சார்ஜரில் கட்டணம் இரண்டு மூன்று மடங்காகும் இடங்களில் அந்த மிச்சம் கரைந்துவிடும். 100 கி.மீ.க்கு மிச்சமாகும் தொகையால் இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தை வகுத்து நூறால் பெருக்குங்கள். எத்தனை கி.மீ. ஓட்டினால் போட்டது திரும்பும் என்று வரும். உங்களுக்கு வருடம் சுமார் 25,000 கி.மீ. ஓடுகிறது, அதோடு ஒப்பிடுங்கள். நிறுத்துமிடத்தில் சார்ஜ் போட அனுமதி கிடைக்காவிட்டால் இந்தக் கார் வேண்டாம் என்பேன்.

இரண்டு மூன்று வருடம் ஓடிய இதே வண்டி கிடைத்தால் அதையும் பாருங்கள். கம்பெனி புது வண்டி விலையைக் குறைக்கும்போது பழையதன் விலையும் உடனே சரிகிறது, அந்த இறக்கம் முதல் உரிமையாளர் தலையில் விழுந்திருக்கும். பேட்டரி ஆரோக்கியச் சான்று கேளுங்கள், வீட்டு ஏசி சார்ஜர், வேகமான டிசி சார்ஜர் இரண்டிலும் சார்ஜ் போட்டுப் பாருங்கள், 12 வோல்ட் பேட்டரியின் வயதையும் விசாரியுங்கள். பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் அந்தச் சின்னது செத்தால் வண்டி கிளம்பாது.

ஓட்டிப் பார்க்க அரை நாள் கேளுங்கள். டயர் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஏசி போட்டுக்கொண்டு, நெடுஞ்சாலையில் 30 கி.மீ. போய் அதே வழியில் 30 கி.மீ. திரும்புங்கள். காற்றும் ஏற்ற இறக்கமும் அப்போதுதான் ஈடாகும். 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் என்று வருகிறதோ அதை என் 20-க்குப் பதிலாகப் போட்டு மேலே உள்ள கணக்கை மறுபடி செய்யுங்கள். 23-க்கு மேல் வந்தால் முடிவை மறுபடி யோசிக்க வேண்டும்.

பின் இருக்கையில் வீட்டில் உயரமானவரை அரை மணி உட்கார வையுங்கள். பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் தரை மேலே வந்து, முழங்கால் தூக்கி நின்று, தொடைக்கு இருக்கையின் தாங்கல் கிடைக்காது. 380 கி.மீ.யில் அது தெரியும்.