காசு நெய்யுறவங்க கைக்கே போகணும்னா ஜமக்காளம் எங்க வாங்கலாம்?

புதுவீடு_கோவை:
அடுத்த மாசம் புது வீட்டுக்கு பால் காய்ச்சுறோம், ரெண்டு ஜமக்காளம், நாலு பெட்ஷீட், துண்டெல்லாம் வாங்கணும். போன வருஷம் ஒரு கடைல பவானி ஜமக்காளம்னு சொல்லித்தான் குடுத்தாங்க, மாமா தொட்டுப் பாத்துட்டு இது பவர்லூம்மான்னுட்டாரு, மனசே விட்டுப்போச்சு. இதுக்கெல்லாம் ஃபேர் ட்ரேட் லேபிள் மாதிரி, அதாவது செஞ்சவங்களுக்கு ஞாயமான காசு போகுதுன்னு காட்டுற முத்திரை மாதிரி, ஏதாவது இருக்கா? எதைப் பாத்து வாங்கறது?

தறிவீட்டுப்பொண்ணு:
அக்கா, எங்க வீடு பவானிதான், அப்பாவும் அம்மாவும் ஜமக்காளம் நெய்யறாங்க. அகலமான பீஸ்னா ரெண்டு பேரும் தறிக்குழிக்குள்ள கால விட்டு பக்கத்துல பக்கத்துல உக்காந்து நாடாவ (குறுக்கு நூல ஓட்டுற கட்டை) அப்பா தள்ள அம்மா பிடிக்கன்னு நாள் பூரா ஓடும். கூலி பீஸ் கணக்குதான், நெய்யலைன்னா அன்னிக்கு காசில்ல. நெசவாளர் கூட்டுறவு சங்கத்துல நூல் குடுப்பாங்க, நெய்து குடுத்தா கூலி. ஆனா சரக்கு விக்காம தேங்கிடுச்சுன்னா அடுத்த பாவு (தறில ஏத்துற நீள நூல்) லேட்டாகும், தறி சும்மா கெடக்கும். அதனால தீபாவளிக்குன்னு காத்திருக்காம நடுவுல வாங்குறவங்கதான் எங்களுக்கு பெரிய உதவி. 1985 சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்குன்னே ஒதுக்குன ரகம், அப்படியும் மெஷின்ல ஓட்டி எங்க ஊர் பேரப் போட்டு விக்கிறாங்க, வயிறு எரியுது.

நூல்கண்டு:
லேபிள் கேட்டீங்கல்ல, ஹேண்ட்லூம் மார்க் இருக்கான்னு பாருங்க, கைத்தறில நெய்ததுன்னு காட்டுற அரசு முத்திரை, 2006ல வந்தது. பட்டுல இருக்குற சில்க் மார்க்கோட குழப்பிக்காதீங்க, அது பட்டு அசலான்னு மட்டும்தான் சொல்லும், கையால நெய்ததான்னு சொல்லாது. கோ-ஆப்டெக்ஸ் 1935ல இருந்து நெசவாளர் சங்கங்களோட சரக்கத்தான் விக்குது, பெட்ஷீட்டுக்கு சென்னிமலை சங்கங்களும் இருக்கு. அங்க தள்ளுபடில வாங்குனா நெசவாளிக்கு கொறையுமோன்னு யோசிக்க வேணாம், நெய்து குடுத்தப்பவே கூலி பீஸ் கணக்குல வந்துடும். ஆனா வீட்டு வாசல்ல தூக்கிட்டு வந்து விக்கிறவங்ககிட்ட பேரம் பேசாதீங்க ப்ளீஸ், அங்க கொறைக்கிறது நேரா அவங்க கூலிலதான் விழும்.

நீலகிரி_டீ:
ஃபேர்ட்ரேட் முத்திரை டீ, காபில பாக்கலாம், நம்ம ஊர் கடைல அதிகம் கண்ல படாது. வெலைக்கு மேல ப்ரீமியம்னு ஒரு தொகை விவசாயிங்க சங்கத்துக்கோ தோட்டத் தொழிலாளர் கமிட்டிக்கோ போகும், அத எதுக்கு செலவு பண்றதுன்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. அது கெடைக்கலன்னா இன்ட்கோ டீ வாங்குங்க, நீலகிரி சிறு விவசாயிங்களோட கூட்டுறவு ஃபேக்டரி டீ. காய்கறிக்கு உழவர் சந்தை, நடுவுல ஆளே கெடையாது.

புதுவீடு_கோவை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தங்கச்சி, சனிக்கிழமை பவானிக்கே வர்றோம், சங்கத்துலயே வாங்கிக்கறோம்.

தறிவீட்டுப்பொண்ணு:
வாங்கக்கா! செவப்பும் பச்சையும் பட்டை போட்டது கேளுங்க, அப்பா இப்ப தறில அதுதான் ஏத்தியிருக்காரு. அது நல்லா வித்துச்சுன்னா அடுத்த பாவும் அதே கலர்ல கேப்பாரு.