ஆங்கிலத்தில் காலமும் எச்சமும்: நான் இடறிய இடம்

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் வேலையிடப் பாதுகாப்பில் இருக்கிறேன். ஒருநாள் சாரத்திலிருந்து பலகை விழுந்தது. நல்லவேளை, யார்மேலும் படவில்லை. மறுநாள் அறிக்கையில் ‘எ பிளாங்க் ஹேஸ் ஃபாலன் யெஸ்டர்டே’ என்று எழுதினேன். மேலாளர் சீனர், வயதில் பெரியவர். ‘யெஸ்டர்டே’வுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டார். ‘ஹேஸ் ஃபாலன்’ இரண்டையும் அடித்துவிட்டு, மேலே ‘ஃபெல்’ என்று எழுதித் தந்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது, நான் தமிழைத்தான் எழுதியிருக்கிறேன். ‘நேற்று ஒரு பலகை விழுந்திருக்கிறது’ என்றால் தமிழில் ஒரு தப்பும் இல்லை. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வந்தால் முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் சொல் அதனுடன் சேர்ந்து வரக்கூடாது. காலை பத்து மணிக்கு ‘ஐ ஹேவ் செக்டு இட் திஸ் மார்னிங்’ சரி. மாலை நாலு மணிக்கு ‘ஐ செக்டு இட்’தான். காலை முடிந்துவிட்டதே!

மகள் தொடக்கநிலை 5, அதாவது ஐந்தாம் வகுப்பு. தோழிகளோடு ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்பாள். சீனத்தில் ஒரு செயல் முடிந்ததைக் காட்டும் ‘லெ’ என்ற சொல் செய்கிற வேலையை அந்த ‘ஆல்ரெடி’ செய்கிறது. பேச்சில் அது அழகு, நான் திருத்துவதில்லை. தேர்வுத்தாளில் மட்டும் ‘ஹேவ் ஈட்டன்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உட்லண்ட்ஸ் தாதி:
அண்ணா, உங்களுக்கு ‘யெஸ்டர்டே’ என்றால் எனக்குச் சொல்லின் கடைசியில் ஒட்டும் ‘இங்’. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பணி மாறும் நேரத்தில் ‘பேஷண்ட் இஸ் கன்ஃப்யூசிங்’ என்று எழுதிவைத்தேன். அந்தப் பாட்டி தாம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் இரவெல்லாம் தவித்தவர். அடுத்து வந்த தாதியோ, பாட்டி பேசுவதுதான் புரியவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். கிளம்புமுன் வாயாலும் சொன்னதால் தப்பித்தோம். ‘கன்ஃப்யூஸ்டு’ என்று எழுதியிருந்தால் படித்தவுடனே கட்டிலருகே போயிருப்பார்.

அப்புறம் தமிழே கைகொடுத்தது. குழம்பியவர் ‘கன்ஃப்யூஸ்டு’, குழப்புவது ‘கன்ஃப்யூசிங்’. நமக்கு ‘ம்பு’, ‘ப்பு’ என்று ஓர் எழுத்தில் மாறுவது அவர்களுக்குக் கடைசி ஒட்டில் மாறுகிறது. சோர்ந்தவர் ‘டயர்டு’, சோர்வு தரும் வேலை ‘டயரிங்’. இப்படிப் பார்க்க ஆரம்பித்தபின் எனக்கு இது தவறியதே இல்லை.

‘பிரேக், புரோக், புரோக்கன்’ மாதிரியானவற்றுக்கு இந்த வழி உதவாது, மனப்பாடம்தான். லாக்கர் கதவின் உள்பக்கம் மூன்று பத்தியாக எழுதி ஒட்டியிருக்கிறேன். சீருடை மாற்றும்போது தினமும் ஒரு வரி படிப்பேன். போன வாரம் புதிதாக வந்த தங்கை ஒருவர் அதைப் படமெடுத்துக்கொண்டு போனார்.